பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம்

எனக்கு நடந்த அநியாயங்களை நான் ஒருநாளும் வரிசை மாற்றிச் சொன்னதில்லை. முந்தியது முந்தி, பிந்தியது பிந்தி. மனு எழுதிப் பழகிய மூளை அப்படித்தான் அடுக்கும். ஒன்று, அறுபத்தாறாம் வருஷம்: ஏழாம் வகுப்பில் எங்கள் நாலு பேர்மேல் தோல் வாடை அடிக்கிறது என்று கடைசி பெஞ்சில் ஒதுக்கி உட்கார வைத்தார்கள், ஏன் என்று கேட்ட என்னை மட்டும் பள்ளியைவிட்டு நீக்கினார்கள். இரண்டு, எழுபத்தொன்று: தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழிக்குக் கையுறை தருவதாகச் சொல்லித் தரவில்லை, வலது கையில் மூன்று விரல் நுனி இன்றைக்கும் மரக்கட்டை. மூன்று, எழுபத்தாறு: சட்டைப் பையில் துண்டறிக்கை இருந்தது என்று வேலைநீக்கம், ஒருவருக்கும் கொடுக்கக்கூட இல்லை, மடித்தது மடித்தபடி இருந்தது. நான்கு, எழுபத்தொன்பது: ஒரு பாட்டுக்காக நாற்பத்தொரு நாள் ஜெயில். ஐந்து, எண்பத்துநான்கு: கூலி ஒப்பந்தத்தில் என் இடத்தில் வேறொருவன் கையெழுத்து, அந்த நேரத்தில் நான் வாசலில் அவனுக்கும் சேர்த்து டீ வாங்கிக்கொண்டிருந்தேன். ஆறு, தொண்ணூற்றொன்று: தொழிற்சங்கத்திலிருந்து நீக்கம், இரண்டே வரிக் கடிதத்தில். ஏழு, இரண்டாயிரத்துப் பதினெட்டு: வேலைநிறுத்தத்தின் நாற்பதாம் ஆண்டு விழாவில் எனக்கு மேடையின் கடைசி நாற்காலி, அதற்கும் ஒரு கால் குட்டை. ஏழுதான். எண்ணி முடித்ததும் முதுகு நிமிரும். ஆனால் இன்றைக்கு இந்தக் குளிர் அறையில் உட்கார்ந்து எண்ணும்போது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நாக்கு இடறுகிறது. எழுபத்தாறு, எழுபத்தொன்பது. நடுவில் எழுபத்தெட்டு கிடக்கிறது. வேலைநிறுத்தமே அந்த வருஷம்தான். அந்த வருஷத்தில் எனக்கு அநியாயம் எதுவும் நடக்கவில்லை.

மணி இரண்டு ஐம்பது. நான்கு மணிக்குள் பத்திரிகையைக் கணினியில் ஏற்றிவிட வேண்டுமாம், ஏற்றாவிட்டால் மதிப்பெண் கிடையாதாம். நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குக் கீழே சக்கரம். காலை ஊன்றினால் பின்னால் ஓடுகிறது. பின்வாங்கிப் பழக்கமில்லாத என்னை இந்த அறைக்கு வந்ததிலிருந்து ஆறேழு தடவை பின்வாங்க வைத்துவிட்டது. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் விஸ்காம் துறை, இருபது கணினி, வெளியில் சித்திரை வெயில், உள்ளே மார்கழி. என் பக்கத்தில் ரஹ்மத் நிஷா, மூன்றாம் வருஷம். அவள் வகுப்புக்கு இந்தப் பருவத்தில் கொடுத்த வேலை, இருபத்துநான்கு பக்கத்தில் ஓர் இசைப் பத்திரிகையை வடிவமைப்பது. அட்டை, உள்ளடக்கம், பேட்டி, நடுப்பக்கம், எல்லாம் அவரவரே செய்ய வேண்டும். முப்பத்திரண்டு பிள்ளைகளும் சினிமாப் பாட்டுப் பக்கம் போக, இவள் மட்டும் பேகம்பூர் டேனரிப் பெண்களின் வேலைநிறுத்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டாள். என் வீட்டுக்கு மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் நான் பேசினேன், அவள் போனை என் வாய்க்கு நேரே வைத்திருந்தாள். பத்திரிகைக்கு அவள் வைத்த பெயர் ‘தொண்டை’. கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. முப்பது துண்டறிக்கைக்குத் தலைப்பு வைத்தவன் நான், ஒன்றுகூட ஒரே சொல்லில் நின்றதில்லை. எல்லாம் எழுச்சி, முழக்கம், அறைகூவல். அடுத்த மேஜையில் கிங்ஸ்லி என்ற பையன், இவள் வகுப்புத்தான், தீப்பிடித்து எரியும் கிட்டாரை அட்டையில் வைத்துவிட்டு இவளைச் சீண்டிக்கொண்டிருக்கிறான். தொண்டை சரியில்லன்னா மிளகுக் கசாயம் குடி நிஷா, பத்திரிக எதுக்கு என்கிறான். மொதல்ல உன் கிட்டார்ல கம்பிய எண்ணு, ஒம்பது போட்டு வச்சிருக்க என்கிறாள் இவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவன் நிஜமாகவே எண்ணுகிறான்.

என்னை வரச்சொன்னது நடுப்பக்கத்தைப் பார்த்துச் சரி சொல்வதற்கு. ஆனால் முதலிலிருந்து காட்டு என்றேன், காட்டினாள். பார்க்கப் பார்க்க நான் திரையை நோக்கிக் குனிந்தேன், நாற்காலி பின்னால் ஓடியது. அட்டையில் பெயருக்குக் கீழே விலை: ஒரு பாட்டு. இரண்டாம் பக்கத்தில் ஒரு தொண்டையின் குறுக்குவெட்டுப் படம், இவளே வரைந்தது. சுண்ணாம்புத் தூசி குரலை என்ன செய்யும் என்று ஒரு டாக்டரிடம் கேட்டு எழுதியிருக்கிறாள். நாங்கள் நாற்பது வருஷம் கூலியைக் கேட்டோம், எட்டு மணி நேரம் கேட்டோம், தொண்டையைப் பற்றி ஒரு மனுவிலும் கேட்டதில்லை. ஆறாம் பக்கத்தில் அந்தப் பாட்டைப் பாடியவர்களில் இன்னும் உயிரோடிருக்கிற பத்தொன்பது பெண்கள், படமும் பெயரும் வயதும். பத்தொன்பது பெயருக்கும் ஒரே அளவு எழுத்து. ஒருத்தர் பேரு நீளமா இருக்கேன்னு எழுத்தச் சின்னதாக்கினா அவங்க மட்டும் கொறஞ்சவங்க மாதிரி தெரியும், அதனால பொட்டியப் பெரிசாக்கிட்டேன் என்கிறாள். பெயருக்காகப் பெட்டியைப் பெரிதாக்கியிருக்கிறாள். நாங்கள் எழுத்தெண்ணி இடம் பிடித்தவர்கள், ஒரு வரி கூடினால் ஒரு கோரிக்கையை வெட்டியவர்கள். இவளோ ஓரத்தில் இரண்டு விரல்கடை வெள்ளையாக விடுகிறாள், ஏன் வீணாக்குகிறாய் என்றால், அங்கதாங்கய்யா படிக்கிறவங்க மூச்சு விடுவாங்க என்கிறாள். இவளுக்கு அப்பா கிடையாது, அம்மா பூட்டுக் கம்பெனியில் சாவிக்கு அரம் போடுகிறவள். இவளை எழுபத்தெட்டில் எங்களுக்குக் கொடுத்திருந்தால் என்று நினைக்கிறேன், நினைத்த இடத்திலேயே அந்த வருஷம் மறுபடி வந்து நிற்கிறது.

பன்னிரண்டும் பதின்மூன்றும் நடுப்பக்கம். இடது பக்கம் முழுக்க என் முகம், எழுபத்தெட்டு ஊர்வலத்தில் எடுத்த படம், இருபத்துநாலு வயது, கையில் கொடி. அதன்மேல் ‘சங்கிலியின் பதினோரு பாட்டு’ என்று எழுத்து. அட்டையிலும் இதே முகம்தான். பக்கத்தின் அடியில் சின்னதாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, மூன்று கட்டம். பாட்டுப் பத்திரிகை என்றால் இந்த மூன்றும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் பாடத்தில் விதியாம்: பாடல், மெட்டு, குரல். பாடல் என்ற கட்டத்தில் பெ. சங்கிலி. குரல் என்ற கட்டத்தில் பேகம்பூர்ப் பெண்கள். நடுக்கட்டம் காலி. “மெட்டு யாரு போட்டதுங்கய்யா? அத மட்டும் நீங்க சொல்லவே இல்ல” என்று கேட்டுவிட்டுப் பக்க எண்களைச் சரிசெய்யப் போய்விட்டாள். நாற்பத்தேழு வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. மேடையில் கேட்டதில்லை, கோர்ட்டில் கேட்டதில்லை, ஜெயிலில் கேட்டதில்லை. எல்லாரும் வார்த்தையைத்தான் கேட்டார்கள். எனக்கு மெட்டு வராது என்பது மாவட்டத்துக்கே தெரியும். கூட்டத்தில் நான் வாயசைப்பேன், பக்கத்தில் நிற்பவன் விலாவில் இடித்துத் தோழர் நீங்க தாளம் மட்டும் போடுங்க என்பான். அப்படியிருந்தும் ஒருவருக்கும் தோன்றவில்லை, மெட்டு தெரியாதவனுக்குப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று. இந்தப் பெண்ணுக்கும் தோன்றவில்லை. தோன்றியது அவளுடைய கட்டத்துக்கு.

மெட்டு மூக்கால் வரும். முதலில் ஒரு முனகல், குழிக்குள் இறங்கிய கால் வழுக்காமலிருக்க எடுத்துவைக்கிற அடி, அந்த அடிக்கு ஒரு முனகல், பத்து முனகலுக்குப் பிறகு சொல் வந்து ஏறும். எனக்குப் பக்கத்துக் குழியில் செபஸ்தியம்மாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், மூன்று பிள்ளைக்காரி, படிக்கத் தெரியாது, என்னைத் தம்பி என்பாள், கோபம் வந்தால் மட்டும் தோழரே என்பாள். வேலைநீக்கத்துக்குப் பிறகும் நான் டேனரி வாசலில் நிற்பேன், அவள் வெளியே வரும்போது பாடிக்கொண்டே வருவாள், நான் துண்டறிக்கையின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வேன். சுண்ணாம்புக் குழியில எவ் விரலு செத்துப்போச்சு, புள்ளைக்குக் காச்சலுன்னா மொழங்கைதான் பாக்கலாச்சு. எழுதும்போதே கை நின்றுவிட்டது. எனக்கும் அதே மூன்று விரல்தான் செத்திருக்கிறது. அதைப் பற்றி நான் தொழிலாளர் துறைக்கு மனு எழுதியிருக்கிறேன், கையுறை, இழப்பீடு, பிரிவு எண் எல்லாம் போட்டு. பிள்ளையின் நெற்றியில் முழங்கையை வைத்துப் பார்க்கிறவளை நானும் தினம் பார்த்தவன்தான். மனுவில் அது வரவில்லை. இவள் ஒரு நடை நடந்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள். அந்த வரியை ஆயிரம் பேர் பாடிக் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் முழங்கையில் சூடு தெரியும். பொறாமை என்று அப்போது அதற்குப் பெயர் வைக்கவில்லை. மரியாதை என்று வைத்திருந்தேன். இரண்டும்தான்.

பதினோரு பாட்டு, பதினாறு பக்கம், பெயர் ‘தோல் பாட்டு’, எழுபத்தெட்டில் அச்சேறிய சிறு வெளியீடு. எங்கள் சங்கத்தில் அச்சுக்கு ஒரு விதி உண்டு. சொல்லாததைச் சொன்னதாக எங்கள்மேல் ஒரு வழக்கு வந்தபிறகு வைத்த விதி: அச்சுக்குப் போகும் முன், மாற்றிய எந்த வரியையும் இரண்டு சாட்சி முன்னால் உரக்க வாசிக்க வேண்டும், புள்ளி, கமா உட்பட; வாசிக்காத திருத்தம் செல்லாது. புரூப் வந்த அன்றைக்குச் செபஸ்தியம்மாள் தன்னோடு இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு அச்சாபீசுக்கு வந்தாள். நான் வாசித்தேன். பதினோரு பாட்டும் வாசித்தேன். கடைசிப் பக்கத்து அடியில் சட்டப்படி இருக்க வேண்டியதையும் வாசித்தேன், அச்சிட்டவர் இன்னார், வெளியிட்டவர் பெ. சங்கிலி. அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “எம் பேரு எங்க தம்பி இருக்கு?” என்றாள். போலீஸ் வரும், உனக்கு மூன்று பிள்ளை, அடுத்த பதிப்பில் போடுவோம் என்றேன். அது பொய்யில்லை. போலீஸ் வரத்தான் செய்தது. மறுவருஷம் கோர்ட்டில் ஏழாம் பாட்டைப் படித்துக்காட்டி இதை எழுதியது நீயா என்று கேட்டார்கள். வாசற்படியில் அவள் நிற்பது எனக்குத் தெரிந்தது. ஆமாம் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக நல்ல பொய் அது, அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். நாற்பத்தொரு நாள் போட்டார்கள். வெளியே வந்த அன்று மாலை, மேடையில், பாட்டுக்காரத் தோழர் சங்கிலி என்று அறிவித்தார்கள், கைதட்டினார்கள், நான் எழுந்து நின்றேன். திருத்தத்தான் எழுந்தேன், தட்டல் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நின்றதும் உட்கார்ந்துவிட்டேன். ஜெயிலுக்குப் போனவன் நான், பாட்டுக்கு உண்டான விலையைக் கொடுத்தவன் நான், அப்புறம் பாட்டு யாருடையது, இப்படி ஓடியது புத்தி. இரண்டாம் பதிப்பு வந்தது, மூன்றாம் பதிப்பு வந்தது. அவள் மறுபடி கேட்கவே இல்லை. தொண்ணூற்றாறில் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பத்து நாள் முன்னால் பார்க்கப் போனேன், “வாங்க தோழரே” என்றாள். அவ்வளவுதான்.

அன்றைக்குக் குழியில் நின்றவர்கள், புரூப் கேட்ட இரண்டு பேர், ஒருவரும் இல்லை. ஆறாம் பக்கத்துப் பத்தொன்பது பேரும் அப்போது ஊர்வலத்தில் கூடப் பாடிவந்த பாவாடை கட்டிய பிள்ளைகள், மேடையில் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்கள்; சங்கிலி தோழர் பாட்டு என்றுதான் இந்தப் பெண்ணிடம் சொல்லியிருப்பார்கள். இனி நான் மட்டும்தான். நான் வாயை மூடிக்கொண்டு போய்விட்டால் பாட்டு எனக்கே. சங்கம் போனது, வேலை போனது, மேடை போனது. பாட்டுக்காரத் தோழர் என்று டீக்கடையில் நாற்காலி இழுத்துப் போடுகிறார்களே, அது ஒன்றுதான் மிச்சம். அதையும் எடுத்துவிட்டால் நான் யார், ‘தோல் பாட்டு’ பதினாறாம் பக்கத்து அடியில் எட்டுப் புள்ளி அளவுப் பொடி எழுத்தில் ஒரு பெயர். மணி மூன்று பத்து. நிஷா திரும்பி வந்து உட்கார்ந்து, படம் கொஞ்சம் நெருக்கமாக இருக்கிறது, அகலப்படுத்திப் பார்க்கிறேன் என்று என் முகத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்கப் படம் வளர்ந்தது. என் தோள், தோளுக்குப் பின்னால் ஒரு கை, காதைப் பொத்திய கை, அப்புறம் வாய் திறந்தபடி செபஸ்தியம்மாள். இது எப்படி என்றேன், இந்தப் படத்தை நீ வெட்டித்தானே வைத்திருந்தாய் என்றேன். “வெட்டலங்கய்யா, மறைச்சதுதான். முழுப் படமும் உள்ளயேதான் இருக்கும். ஓரத்தப் புடிச்சு இழுத்தா வந்துரும்” என்றாள். அகலம் சரிப்படவில்லை போலிருக்கிறது, திரும்பத் தள்ளினாள். வாய் போயிற்று, கை போயிற்று, நான் மட்டும் கொடியோடு நின்றேன்.

நடுக்கட்டத்தை நிரப்பிவிடலாம். மெட்டு: செபஸ்தியம்மாள். அழகாக உட்காரும். பாதி கொடுத்த மாதிரி, பாதி வைத்துக்கொண்ட மாதிரி, ஒருவருக்கும் நஷ்டமில்லை, இந்தப் பிள்ளைக்கும் ஒரு பக்கம்கூட மாறாது. ஒப்பந்தம் என்றால் இப்படித்தான் எழுதுவார்கள், எண்பத்துநான்கில் என் இடத்தில் கையெழுத்துப் போட்டவன் இதைத்தான் எனக்கு விளக்கினான், பாதி கிடைச்சா வாங்கிக்கிறதுதான் புத்திசாலித்தனம் தோழர். அவன் முகத்தில் டீயை ஊற்றாமல் வந்தது என் நாகரிகம். அந்த நாகரிகம் இப்போது எனக்கே தேவைப்படுகிறது. நிஷா சுட்டியைக் காலிக் கட்டத்தின்மேல் வைத்துக் காத்திருக்கிறாள், கோடு விட்டுவிட்டு மின்னுகிறது. குளிரில் என் மூன்று விரலும் எனக்குத் தெரியவேயில்லை, இருக்கிறதா என்று முழங்கையால் தொட்டுப் பார்த்தேன். முழங்கையால் தொட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. பாப்பா, மெட்டு மட்டுமில்லை, பாட்டும் அவள்தான், பதினொன்றும் அவள்தான், நான் எழுதியெடுத்தவன், வெளியிட்டவன் என்றேன். வருஷ வரிசைப்படி சொன்னேன், புரூப், கோர்ட், மேடை, இரண்டாம் பதிப்பு. சொல்லி முடித்தபோது கிங்ஸ்லியின் விசைப்பலகைச் சத்தமும் நின்றிருந்தது.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தாங்குவதற்கு எனக்குப் பயிற்சி உண்டு. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பத்தொன்பது. “ரெண்டு வாரம் முன்னாடி சொல்லியிருக்கலாம் நீங்க” என்றாள். குரலில் அழுகை இருந்தது, கோபமும் இருந்தது. அட்டை, நடுப்பக்கம், உள்ளடக்கம், பேட்டியின் தலைப்பு, என் பெயர் வரும் இருபத்தாறு இடம். விரல் ஓடத் தொடங்கியது. இப்படி ஒரு வேகத்தை நான் வேலைநிறுத்தத்தின் முதல் நாளில் மட்டும் பார்த்திருக்கிறேன். கிங்ஸ்லி எரிகிற கிட்டாரை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியோடு உருண்டு வந்தான், உள்ளடக்கத்த நான் மாத்துறேன், நீ அட்டையப் பாரு என்றான், அப்படியே, இவரு பேர எடுத்துட்டா பத்திரிகைக்குத் தொண்டை கட்டிக்காதா என்றும் சேர்த்துக்கொண்டான். இப்பதான் தெறக்குது, வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு என்றாள் நிஷா. அட்டையில் என் முகத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள், செபஸ்தியம்மாள் வந்தாள். அவள் நடுவுக்கு வரும்வரை படத்தை நகர்த்திக்கொண்டே போனாள். கொடி போயிற்று, என் தோள் போயிற்று, கடைசியில் என் காது ஒன்று ஓரத்தில் நின்றது. அதையும் தள்ளிவிடு என்றேன். காது இருக்கட்டும், கேட்டுக்கிட்டிருந்தவர்தானே என்றாள். திறந்த வாய்க்கு நேர் மேலே ‘தொண்டை’ என்ற எழுத்து வந்து உட்கார்ந்தது, முதல் நாளிலிருந்தே அங்கே இருக்க வேண்டியது போல. என்ன பிள்ளை இவள். நான் இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததை இருபது நிமிஷத்தில் அட்டைக்கு ஏற்றிவிட்டாள்.

மூன்று ஐம்பதுக்குப் பேராசிரியர் இந்துமதி வந்தார். இவர்களுக்கு மதிப்பெண் போடுகிறவர், நியாயமான முகம். திரையைப் பார்த்துவிட்டு, போன வாரம் நான் பார்த்துச் சரி சொன்னது வேறு ஆயிற்றே, கடைசி நிமிஷத்தில் இப்படி மாற்றினால் ஆதாரம் என்ன என்று கேட்டார். நிஷா என்னைப் பார்த்தாள். ஆதாரம் காகிதத்தில் இல்லை அம்மா, எங்கள் சங்கத்தில் திருத்தத்துக்கு ஒரு விதி இருந்தது, இரண்டு சாட்சி வேண்டும், நீங்கள் ஒருவர், இந்தத் தம்பி ஒருவர், நிற்கிறீர்களா என்றேன். விதியைச் சொன்னேன். பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் கைப்பையைக் கீழே வைத்தார். கிங்ஸ்லி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான், அவன் முகத்தில் கேலி இல்லை. கட்டம் இப்போது நாலாகியிருந்த பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து நிஷா தன் நாற்காலியைத் தள்ளிக்கொடுத்தாள், நான் உட்காரவில்லை, திருத்தம் நின்றுகொண்டு வாசிப்பது. ஏழோடு முடிகிற என் வரிசையில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே நான் செய்தது ஒன்று ஏறிக்கொண்டது, இனி எட்டு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூட்டத்துக்குப் பேசுகிற குரலை விட்டுவிட்டு, புரூப் வாசிக்கிற குரலில், அடியிலிருந்து மேலாக வாசித்தேன். வெளியிட்டவர், இரட்டைப் புள்ளி, பெ. சங்கிலி, முற்றுப்புள்ளி. குரல், இரட்டைப் புள்ளி, பேகம்பூர்ப் பெண்கள், முற்றுப்புள்ளி. மெட்டு, இரட்டைப் புள்ளி, மேலே உள்ளவர், முற்றுப்புள்ளி. மேலே உள்ளவர் யாரு, கேக்கல, சத்தமா என்றான் சாட்சி. சரியான சாட்சி. பாடல், இரட்டைப் புள்ளி, செபஸ்தியம்மாள்.